கண்ணில் பட்டால் போதுமா?

கேள்வி: கே.பி.சுந்தராம்பாள் ரயிலில் பாடிக்கொண்டிருந்தபோது யாரோ ஒரு பெரிய மனிதர் கண்ணில் பட்டார், உயர்ந்தார். எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வள்ளியாக வரும் பெண்களுக்கு அப்படி ஒரு அதிர்ஷ்டம் அடிக்கவில்லை, அவ்வளவுதானே? (ஒரு வாசகர், உசிலம்பட்டி)

பதில்: அவ்வளவுதான் இல்லை. அந்த ரயில் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். இறங்கிய பிறகு அந்தச் சிறுமி என்ன செய்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை. வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து சின்னப் பிள்ளை வேடத்தில் தொடங்கினார். பிறகு ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேடம்), ராஜபார்ட் (கதாநாயகன் வேடம்) இரண்டும் கட்டினார். மைக் இல்லாத காலம். தரை டிக்கெட்டின் கடைசி வரிசைக்கும் வார்த்தை புரிய வேண்டும். அந்தக் கணீர்க் குரலை ரயில் கொடுக்கவில்லை, மேடை கொடுத்தது. 1927இல் நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பாவை மணப்பதற்கு முன்பே இலங்கை வரை போய் நடித்தாகிவிட்டது. 1935இல் 'பக்த நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்களே, அதில் அவர் நந்தனாராகவே நடித்தார். ஆண் வேடம்! ராஜபார்ட் பழக்கம் இல்லாத ஒரு நடிகையிடம் அதைக் கேட்டிருப்பார்களா?

மதுரைக்கு வருவோம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் இங்கே தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா பையன்களின் கம்பெனி. வாத்தியார், பாடம், ஒத்திகை எல்லாம் அவர்களுக்கு இருந்தது. பின்னாளில் பெயர் பெற்ற நாடக நடிகர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள். பெண்பிள்ளைகளுக்கு அந்த வாசல் கிடையாது.

உங்கள் ஊர் வள்ளிக்கு இன்றைக்கும் பெரும்பாலும் மேடைதான் பள்ளிக்கூடம். நடிகர்களைத் தனித்தனியாக அழைத்து ஒரே இரவுக்குச் சேர்த்து நடத்துகிற ஸ்பெஷல் நாடகத்தில் ஏது ஒத்திகை? முருகன் ஒரு ஊர், நாரதர் ஒரு ஊர், ஆர்மோனியக்காரர் வேறொரு ஊர். பவுடர் பூசும்போதுதான் பலர் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். எந்தக் கட்டை (சுருதி) என்று கேட்டுக்கொள்வதோடு ஏற்பாடு முடிந்தது. தினைப்புனத்தில் வள்ளி பறவைகளை விரட்டும் ஆலோலம் பாடி முடித்ததும் நாரதர் தர்க்கத்துக்கு இழுப்பார். எதை வேண்டுமானாலும் கேட்பார். பாட்டிலோ பேச்சிலோ உடனே பதில் வர வேண்டும். தடுமாறினால் கூட்டத்தில் விசில் பறக்கும். புதிதாக வந்த பெண்ணுக்கு அந்த ஒரு இரவே பரீட்சை. சரி, இதற்கெல்லாம் அதிர்ஷ்டம் என்று பெயர் வைத்தால் எப்படி?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். பத்து மணிக்கு வந்து பபூன் (கோமாளி) காமிக்கும் டான்ஸும் பார்த்துவிட்டு, வள்ளி வருவதற்குள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிற கூட்டம் நம் ஊர்களில் நிறைய. நீங்கள் அதில் ஒருவரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கிளம்பிப் போனவர்கள்தான் மறுநாள் டீக்கடையில் 'இப்ப யாரு பாடுறா?' என்று ஆரம்பிக்கிறார்கள்.

வருகிற பங்குனியில் சுவரில் ஒட்டும் நாடக நோட்டீஸைப் பாருங்கள். ஒவ்வொரு போட்டோவின் கீழும் ஊர்ப் பெயரோடு சேர்த்து நடிகர் பெயர் இருக்கும். தர்க்கம் முடியும்வரை உட்கார்ந்து கேட்டுவிட்டு, அந்த வள்ளியின் பெயரை எனக்கு எழுதுங்கள்.