எக்ஸ்ரே சரியாக இருப்பது மட்டும் போதாது

சகோதரி, கபடியில் சட்டென்று திரும்பியபோது 15 வயது மகளுக்கு முழங்கால் சில்லு இரண்டாம் முறையாக விலகியது, எக்ஸ்ரேயில் குறை இல்லை, பின்னாளில் மூட்டு தேயுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என்னை உறுத்துவது அந்த எக்ஸ்ரேதான். சில்லு விலகும்போதும் திரும்ப உட்காரும்போதும் தொடை எலும்பின் வெளி விளிம்பில் உரசும். அப்போது பெயரும் குருத்தெலும்புத் துணுக்கு எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். விலகிய சில மணி நேரத்திலேயே முழங்கால் பெரிதாக வீங்கியதா? மடக்கும்போது நடுவில் சிக்கிக்கொள்கிறதா? அப்படியென்றால் எம்.ஆர்.ஐ. எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒவ்வொரு விலகலும் தேய்மான ஆபத்தைக் கூட்டும். இளம் வயது, தொடை எலும்பில் ஆழமில்லாத பள்ளம், சற்று மேலேறி நிற்கும் சில்லு ஆகியவை மறுபடியும் விலக வைப்பவை. இவை மகளுக்கு உண்டா என்று எலும்பு மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அதுவரை கபடி வேண்டாம், அவள் அழுதாலும்.