யானையைப் பிடித்து வேறு காட்டில் விட்டால் தொல்லை தீருமா?

கோவை தடாகம் பக்கம் ஊருக்குள் வரும் யானையைப் பிடித்து வேறு காட்டில் விட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தீராதுங்க. சின்னத்தம்பி என்ற யானையையே பாருங்கள். 2019 ஜனவரியில் தடாகத்தில் பிடித்து ஆனைமலைக் காட்டில் டாப்சிலிப் பக்கம் விட்டார்கள். சில நாளிலேயே மலையிறங்கி, உடுமலைப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் நின்றான். பிப்ரவரியில் மறுபடி பிடித்து வரகளியாறு யானை முகாமில் அடைத்தார்கள். பாவம், சுதந்திரமாகத் திரிந்த ஜீவன்.

யானைக்கு நாளொன்றுக்கு 150 கிலோ வரை தீனி வேண்டும். வாழையும் கரும்பும் அடிவாரத்திலேயே கிடைக்கும்போது இடம் மாற்றி என்ன பயன்? அரிசி ருசி கண்ட யானை சமையலறை ஜன்னலைப் பெயர்த்து, தும்பிக்கையை விட்டு மூட்டையை இழுக்கும்.

வால்பாறையில் செய்வதுதான் சரியான வழி என்பேன். அங்கே பலர் இறந்தது, பக்கத்தில் யானை நிற்பது தெரியாமல் இருட்டில் அதன் எதிரே போய்விட்டதால்தான். அதனால் யானை இருக்கும் இடம் செல்போனுக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. முக்கியமான இடங்களில் கம்பத்தில் கட்டிய எச்சரிக்கைச் சிவப்பு விளக்கைப் போனிலேயே எரியவிடலாம். அது எரிந்தால் பஸ் இறங்கியவர் தேயிலைக்குள் தனியாக நடக்க மாட்டார். அடிவாரத்தில் ராத்திரி தண்ணீர் கட்டப் போகிறவர்களுக்கும் இப்படியொரு ஏற்பாடு அவசியம் வேண்டும்.