தண்ணி கருப்பாயிடுச்சு, பீக் மட்டும் வரல: நானோட்யூப் ஸ்பெக்ட்ரம் எடுக்குறவங்களுக்கு

கேள்வி: மேடம், எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்காக சிங்கிள்வால் கார்பன் நானோட்யூப் பவுடர் வாங்கினோம். தண்ணில எஸ்டிஎஸ் (சோப்பு மாதிரி ஒரு சர்ஃபேக்டன்ட்) போட்டு, அல்ட்ராசவுண்டால கலக்குற தொட்டியான பாத் சோனிகேட்டர்ல ஒரு மணி நேரம் வச்சேன், நல்லா கருப்பா கலந்துடுச்சு. ஆனா யூவி-விஸ்ல (எந்த அலைநீள லைட்ட எவ்வளவு உறிஞ்சுதுன்னு காட்டுற மெஷின்) 200லேருந்து 800 நானோமீட்டர் வரைக்கும் சும்மா சரிஞ்சுக்கிட்டே போற ஒரு கோடுதான் வருது, பீக்கே இல்ல. ஃப்ளோரசன்ஸும் (உறிஞ்சின லைட்ட திரும்ப வெளிவிடறது) ஜீரோ. பவுடர் டூப்ளிகேட்டா, இல்ல நான் பண்றது தப்பா?

பதில்: பவுடர் மேல உடனே பழி போடாதீங்க தம்பி. நீங்க சொல்றத வச்சுப் பாத்தா ட்யூபெல்லாம் இன்னும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கட்டுக்கட்டாவே கிடக்குன்னுதான் தோணுது, தண்ணில கலந்த மாதிரி கண்ணுக்குத் தெரியுதே தவிர தனித்தனியா பிரியல. கூடவே உங்க ஃப்ளோரசன்ஸ் மெஷினால இந்த லைட்ட பாக்கவே முடியாமலும் இருக்கலாம். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு இது ரெண்டும் சேர்ந்தேதான் வரும்.

முதல்ல பீக் ஏன் வரணும்னு புரிஞ்சுக்குங்க, அப்பதான் ஏன் வரலங்கறது புரியும். ஒரே ஒரு அணு தடிமன் உள்ள கிராஃபீன் ஷீட்ட குழாயா உருட்டினா சிங்கிள்வால் ட்யூப். கட்டம் போட்ட லுங்கிய நேரா மூட்டினா கட்டம் சரியா சேரும், கொஞ்சம் சாய்ச்சு மூட்டினா கோடு சுத்திச்சுத்தி ஏறும்ல, அந்த சாய்வையும் குழாயோட விட்டத்தையும் சேர்த்துத்தான் (6,5), (7,6)னு ரெண்டு நம்பரா எழுதறோம். ரெண்டையும் கழிச்சு வர்றது 3ஆல மீதியில்லாம வகுபட்டா அந்த ட்யூப் மெட்டல் மாதிரி நடந்துக்கும், இல்லன்னா செமிகண்டக்டர். எல்லாம் கலந்து வர்ற பவுடர்ல தோராயமா மூணுல ஒண்ணு மெட்டல். குழாயோட சுற்றளவு அவ்வளவு சின்னதா இருக்கறதால எலக்ட்ரான் நிலைகள் சில எனர்ஜில மட்டும் வந்து குவியும், வான் ஹோவ் சிங்குலாரிட்டின்னு பாடத்துல படிச்சிருப்பீங்க, அதனாலதான் ஒவ்வொரு ட்யூபுக்கும் அதுக்கே உரிய பீக் வருது. (6,5) ட்யூபுக்கு விட்டம் 0.76 நானோமீட்டர், சர்ஃபேக்டன்ட் போட்ட தண்ணில அது 570 நானோமீட்டர் பக்கத்துல ஒரு தடவையும் 980 பக்கத்துல ஒரு தடவையும் லைட்ட உறிஞ்சும். விட்டம் பெருசாக ஆக பீக் இன்னும் இன்ஃப்ராரெட் பக்கம் தள்ளிப்போகும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. லைட்ட உறிஞ்சினதும் எலக்ட்ரானும் ஹோலும் (எலக்ட்ரான் விட்டுட்டுப் போன காலி இடம்) பிரிஞ்சு ஓடாம ஒண்ண ஒண்ணு விடாம பிடிச்சுக்குது, அதைத்தான் எக்ஸிட்டான்னு சொல்றோம். அந்தப் பிடிப்போட எனர்ஜி இந்த ட்யூப்கள்ல 0.4 எலக்ட்ரான்வோல்ட் அளவுக்கு இருக்குன்னு 2005ல டூ-ஃபோட்டான் சோதனை (ஒரே நேரத்துல ரெண்டு ஃபோட்டான உறிஞ்ச வைக்கிறது) வச்சு காட்டினாங்க. சிலிக்கான்ல இது 0.015 மட்டும்தான், ரூம் டெம்பரேச்சர்ல இருக்குற வெப்பமே 0.025. அதனால சிலிக்கான்ல உடைஞ்சுபோற ஜோடி நானோட்யூப்ல அறை வெப்பத்துலயும் அசையாம நிக்குது, நமக்கு கூர்மையான பீக் கிடைக்குது.

சரி, அப்ப உங்களுக்கு ஏன் வரல? நானோட்யூப் பக்கவாட்டுல பயங்கரமா ஒட்டும், பத்து இருபது ட்யூப் சேர்ந்து ஒரு கட்டாயிடும். கட்டுக்குள்ள பக்கத்து ட்யூபோட தாக்கத்துல ஒவ்வொரு பீக்கும் அகலமாகி, சிவப்புப் பக்கம் நகர்ந்து, ஒண்ணுமேல ஒண்ணு ஏறி, கடைசில அந்த சரிவுக்குள்ளயே மறைஞ்சுடும். ஃப்ளோரசன்ஸ் நிலைமை இதைவிட மோசம். செமிகண்டக்டர் ட்யூப் எடுத்துக்கிட்ட எனர்ஜி பக்கத்துல இருக்குற மெட்டல் ட்யூபுக்குப் போய் வெப்பமா தீர்ந்துடும், லைட்டா வெளில வராது. கணக்கு போட்டுப் பாருங்க, பத்து ட்யூப் இருக்குற கட்டுல ஒண்ணுகூட மெட்டல் இல்லாம இருக்க வாய்ப்பு மூணுல ரெண்டோட பத்தாவது அடுக்கு, அதாவது 1.7 சதவீதம். அதனால கட்டு இருந்தா ஃப்ளோரசன்ஸ் ஏறக்குறைய இல்லன்னே வச்சுக்குங்க.

உலகத்துக்கே பல வருஷம் இதே பிரச்சனைதான் இருந்துச்சு. சிங்கிள்வால் ட்யூப் 1993லயே வந்தாச்சு, ஆனா அதோட பேண்ட்கேப் ஃப்ளோரசன்ஸ 2002லதான் அமெரிக்காவுல ரைஸ் யூனிவர்சிட்டில ஸ்மாலி, வைஸ்மன் குழு காட்டினாங்க. அவங்க செஞ்சதுல முக்காவாசி பிரிக்கிற வேலைதான். எஸ்டிஎஸ் கரைசல்ல பலமா அல்ட்ராசவுண்ட் குடுத்து, அப்புறம் 122,000 ஜில (புவியீர்ப்ப மாதிரி 122,000 மடங்கு விசை) நாலு மணி நேரம் சென்ட்ரிஃப்யூஜ் பண்ணாங்க. எஸ்டிஎஸ் சுத்திக்கிட்ட தனி ட்யூபோட அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணியளவு, கட்டோட அடர்த்தி தண்ணியப் போல 1.2 மடங்கு, அதனால கட்டு அடில உக்காந்துடும், தனி ட்யூப் மேல நிக்கும். மேல இருந்ததை எடுத்து லைட் அடிச்சதும் பீக் பீக்கா வந்துச்சு. அதே வருஷம் எந்த பீக் எந்த (n,m) ட்யூபோடதுன்னு பட்டியலே போட்டுக் குடுத்தாங்க, இன்னைக்கும் நாங்க அதைத்தான் பக்கத்துல வச்சுக்கிட்டு பாக்குறோம்.

அதனால பாத் சோனிகேட்டர நம்பாதீங்க, அந்த சக்தி கட்டப் பிரிக்கப் பத்தாது. டிப் வச்ச ப்ரோப் சோனிகேட்டர் வேணும், உங்க டிபார்ட்மென்ட்ல இல்லன்னா பயோடெக்னாலஜி பக்கம் கேட்டுப் பாருங்க, செல் உடைக்க அவங்க வச்சிருப்பாங்க. பீக்கர ஐஸ்ல வச்சு அரை மணிலேருந்து ஒரு மணி நேரம் விட்டுவிட்டு ஓட்டுங்க, சூடாக விடாதீங்க, ரொம்ப நேரம் ஓட்டினா ட்யூபே துண்டு துண்டாகி ஃப்ளோரசன்ஸ் குறையும். ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழயே பவுடர் போடுங்க. எஸ்டிஎஸ்ஸவிட சோடியம் டீஆக்சிகோலேட் ஒரு சதவீதக் கரைசல் நல்லா பிடிச்சு வைக்கும், என் ஓட்டு அதுக்குத்தான். அல்ட்ராசென்ட்ரிஃப்யூஜ் கிடைக்கலன்னா சாதாரண மெஷின்ல 15,000, 20,000 ஜில ரெண்டு மணி நேரம் ஓட்டி மேல் பாதிய மட்டும் மெதுவா எடுங்க, முழுசா சுத்தமாகாது, ஆனா பீக் தலைகாட்டப் போதும்.

பிஹெச்சையும் ஒரு தடவை பாத்துடுங்க. ஆசிட்ல சுத்தம் பண்ண பவுடர்ல ஆசிட் மிச்சம் இருந்தா, அதுவும் காத்துல இருக்குற ஆக்சிஜனும் சேர்ந்து ட்யூப்லேருந்து எலக்ட்ரான உருவிடும், இன்ஃப்ராரெட்ல இருக்குற முதல் பீக்கும் ஃப்ளோரசன்ஸும் மங்கிடும். சோடியம் ஹைட்ராக்சைடு துளித்துளியா விட்டு 8, 9க்குக் கொண்டு வந்தா பெரும்பாலும் திரும்பி வந்துடும். டீஆக்சிகோலேட்டும் பிஹெச் இறங்கினா கெட்டியாயிடும்.

அடுத்து மெஷின். ஃப்ளோரசன்ஸ் மெஷின்ல வழக்கமா இருக்குற ஃபோட்டோமல்ட்டிப்ளையர் டிடெக்டர் 850, 900 நானோமீட்டரோட கண்ண மூடிக்கும், (6,5) ஒளிவிடறதோ 980க்குப் பக்கத்துல. சாம்பிள் நல்லா ஒளிவிட்டாலும் உங்க ஸ்க்ரீன்ல ஜீரோதான் காட்டும். இண்டியம் காலியம் ஆர்சனைடு டிடெக்டர் இருக்குற இடமா தேடுங்க, 570ல எக்ஸைட் பண்ணுங்க. நானோட்யூப் தான் விடற லைட்ட தானே திரும்ப உறிஞ்சும், அதனால கரைசல் வெளிறிப் போற அளவுக்கு தண்ணி சேர்த்துக்குங்க, கருப்பா வச்சு அளந்தா நஷ்டம் உங்களுக்குத்தான். அப்சார்ப்ஷனும் 800ல நிறுத்தாம 1350 வரைக்கும் போகணும். அதுக்கு மேல போனா தண்ணியே எல்லாத்தையும் உறிஞ்சிடும், அங்க பாக்கணும்னா கனநீர் (ஹைட்ரஜனுக்குப் பதிலா டியூட்டீரியம் உள்ள தண்ணி) வேணும், ரைஸ்லயும் கனநீர்தான் பயன்படுத்தினாங்க. பேஸ்லைனுக்கு (ஒப்பிட்டுக் கழிக்கிற அளவுக்கு) வெறும் தண்ணிய வைக்காதீங்க, அதே சர்ஃபேக்டன்ட் கரைசல வைங்க.

இதெல்லாம் செஞ்சும் சரிவு மட்டுமே வந்தா அப்ப பவுடர சந்தேகப்படலாம். ராமன் ஸ்பெக்ட்ரம் (லேசர் அடிச்சு சிதறுற லைட்ட அளக்குறது) எடுங்க, 100லேருந்து 350 வேவ்நம்பருக்குள்ள ட்யூப் மூச்சு விடற மாதிரி விரிஞ்சு சுருங்குற பீக் இருந்தா சிங்கிள்வால் இருக்குன்னு அர்த்தம், (6,5)க்கு 310 பக்கத்துல வரும். லேசர் நிறம் ஒத்துப்போற ட்யூப் மட்டும்தான் இங்க பேசும், ஒரு லேசர்ல வரலன்னு முடிவு கட்டாம இன்னொரு லேசர்லயும் பாருங்க. ரெண்டுலயும் இல்லன்னா மல்ட்டிவால் (ஒண்ணுக்குள்ள ஒண்ணா பல குழாய்) பவுடரா இருக்க வாய்ப்பு அதிகம், அதுல நீங்க தேடற பீக் எப்பவும் வராது. கருப்பா இருந்தா நல்ல சாம்பிள்னு நினைக்கறது தப்பு. 2014ல வந்த வான்டாபிளாக் 99.965 சதவீத லைட்ட விழுங்குச்சு, அது செங்குத்தா காடு மாதிரி வளர்த்த ட்யூப், இடுக்குக்குள்ள போன லைட் திரும்பி வெளில வர வழியில்லாத அமைப்பு. அந்தக் கருப்புக்கும் உங்களுக்கு வேண்டிய பீக்குக்கும் சம்பந்தமில்ல. சொல்லப்போனா (6,5) நல்லா பிரிஞ்ச கரைசல் கருப்பாவே இருக்காது, ஊதா நிறத்துல இருக்கும், 570ல இருக்குற மஞ்சள்-பச்சைய அது எடுத்துக்கறதால.

ஒண்ண மட்டும் கண்டிப்பா சொல்றேன், காஞ்ச பவுடர திறந்த மேசைல எடை போடாதீங்க. ஃப்யூம்ஹுட், என்95 மாஸ்க், க்ளவுஸ் எல்லாம் வேணும், சிந்தினா ஈரத்துணில துடைங்க. எம்டபிள்யூசிஎன்டி-7ங்கிற மல்ட்டிவால் வகைய ஐஏஆர்சி (உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம்) 2014ல புற்றுநோய் உண்டாக்கக்கூடும்னு 2பி பட்டியல்ல சேர்த்துருக்கு, உங்க டப்பால என்ன இருக்குன்னு ராமன் சொல்ற வரைக்கும் அதுவாவே இருக்கும்னு நினைச்சு கையாளுங்க.