நாயைப் பிடிக்கும், அது போதுமா?

விலங்குகளோடு வேலை செய்ய ஆசை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, காப்பகங்களில் பல ஆண்டுகள் பணிபுரிந்த கால்நடை மருத்துவர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: பள்ளி இறுதி ஆண்டு படிக்கிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு விலங்குகள் என்றால் உயிர். அவற்றின் நலனுக்காக வேலை செய்ய வேண்டும். வீட்டிலோ, "அப்படியென்றால் கால்நடை டாக்டருக்குப் படி, இல்லையா, விட்டுவிடு" என்கிறார்கள். அந்த அளவுக்கு மதிப்பெண் வராது. வேறு வழியே இல்லையா டாக்டர்?

பதில்: நிறைய இருக்கிறதம்மா. நான் ஒரு நாய்க்கு அறுவை செய்ய ஒரு மணி நேரம் ஆகும். அப்புறம் அன்றைய மீதி நேரமெல்லாம் அது பராமரிப்பாளர் கையில்தான். தண்ணீரைத் தொடவில்லை, தையலை நக்குகிறது, நேற்றுப்போல் எழுந்து வரவில்லை என்பதெல்லாம் முதலில் தெரிவது அவருக்கு. அவரைத் தவிர செவிலியர், நடத்தைப் பயிற்சியாளர், தத்துக் கொடுப்பதைக் கவனிப்பவர், கொடுமை பற்றிப் புகார் வந்தால் நேரில் போய்ப் பார்க்கும் ஆய்வாளர் என்று பலர் சேர்ந்துதான் இந்த வேலை நடக்கிறது. இவற்றில் பலவற்றுக்கு ஐந்தரை ஆண்டு கால்நடை மருத்துவப் படிப்பு தேவையில்லை.

எந்தப் படிப்பு என்று யோசிப்பதற்கு முன் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். உங்களுக்கு விலங்குகளைக் கொஞ்சப் பிடிக்கும், சரி. சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்குமா? வேலை கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் "எனக்கு நாய் என்றால் உயிர்" என்றுதான் சொல்வார்கள். நான் அவர்களை ஒரு கூண்டுக்கு வெளியே கால் மணி நேரம் உட்காரவைத்து, பார்த்ததை எழுதச் சொல்வேன். "பாவம், ரொம்ப சோகமாக இருக்கிறது" என்று எழுதித் தருபவர்கள் உண்டு. "ஆள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, அடிக்கடி உதட்டை நக்குகிறது, கண்ணின் வெள்ளை தெரிகிறது, இடது முன்காலை ஊன்றவில்லை" என்று எழுதுபவரும் எப்போதாவது வருவார். அவரை விடமாட்டேன். முதலாமவர் எழுதியது பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன வைத்தியம் பார்ப்பது?

விலங்குகள் வலியைச் சொல்லாது, பல சமயம் மறைக்கவும் செய்யும். பூனை சுகத்தில் மட்டுமில்லை, வலியிலும் குறுகுறுவென்று ஒலி எழுப்பும். வாலாட்டுகிற நாயெல்லாம் நட்போடு ஆட்டுவதில்லை. உடம்பு விறைத்து வால் மட்டும் ஆடினால் கையை நீட்டாதீர்கள். முயல் அரை நாள் எதுவும் தின்னவில்லை என்றால் அது அவசர சிகிச்சைக்குரிய விஷயம். நொண்டத் தொடங்கும் பசுவுக்கு நடக்கும்போது முதுகு வில்போல வளையும். கூண்டுக்குள் ஒரே தடத்தில் போய்ப்போய்த் திரும்பும் கரடியைப் பார்த்து "சுறுசுறுப்பாக இருக்கிறதே" என்று மகிழ்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது சுறுசுறுப்பு இல்லை. செய்ய ஒன்றுமில்லாத இடத்தில் அடைபட்டதன் அடையாளம்.

விலங்கு நலன் ஒரு துறையாக வளர்ந்ததே இப்படிப் பார்த்து, எண்ணி, எழுதியதால்தான். 1965இல் பிரிட்டனில் பிராம்பெல் குழு பண்ணை விலங்குகளைப் பற்றி அறிக்கை கொடுத்தது. எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, உடம்பைச் சுத்தம் செய்துகொள்ள, கைகால் நீட்ட ஒரு விலங்குக்கு இடம் வேண்டும் என்றது. கேட்டது அவ்வளவுதான், அதுகூட அன்று பல பண்ணைகளில் இல்லை. பசி தாகம், அசௌகரியம், வலியும் நோயும், பயமும் மன உளைச்சலும் இல்லாமல், இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்போடு வாழ்வது என்று இன்று எல்லா வகுப்பிலும் சொல்லித்தரும் 'ஐந்து சுதந்திரங்கள்' இதிலிருந்து வளர்ந்தவைதான். டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்க விஞ்ஞானி இறைச்சிக்கூடங்களுக்குள் போய் நின்று எண்ணினார்: வெட்டுவதற்கு முன் மயக்கும் கருவியின் முதல் அடியிலேயே நினைவிழந்த மாடுகள் எத்தனை, கத்தியவை எத்தனை, வழுக்கி விழுந்தவை எத்தனை. அப்படி எண்ணிக்கை வைத்துத் தணிக்கை செய்யத் தொடங்கிய பிறகு அந்த இடங்கள் மாறின. அங்கே யாரும் வீடியோ எடுத்துப் பாராட்டுவதில்லை. ஆனால் மனிதர் வளர்க்கும் விலங்குகளில் மிகப் பெரும்பாலானவை பண்ணைகளில்தான் இருக்கின்றன. நாய், பூனையைத் தாண்டி யோசிக்கிற இளைஞர்கள் இன்னும் கொஞ்சம் பேர் வந்தால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

இப்போதைக்கு ஒரு நோட்டு வாங்குங்கள். தினமும் பார்க்கக் கிடைக்கும் ஏதாவது ஒரு விலங்கை, அது காக்கையாகக்கூட இருக்கலாம், ஒரே நேரத்தில் பார்த்து எழுதுங்கள். 'நினைக்கிறது', 'வருந்துகிறது' போன்ற சொற்கள் வேண்டாம். ஒரு மாதம் கழித்தும் சலிக்கவில்லை என்றால் விலங்கியல், விலங்கு அறிவியல், கால்நடைச் செவிலியர் பயிற்சி என்று எதில் இடம் கிடைத்தாலும் சேருங்கள். விடுமுறையில் ஒரு காப்பகத்தில் தன்னார்வலராகப் போங்கள். முதலில் கையில் தருவது துடைப்பமாகத்தான் இருக்கும். அதையும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். நாய்க்குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வைரஸ், கைக்குத் தேய்க்கும் ஆல்கஹால் ஜெல்லுக்குச் சாகாது. முதலில் மலத்தை முழுக்கக் கழுவிவிட்டுத்தான் பிளீச்சிங் கரைசல் ஊற்ற வேண்டும். இது தெரியாத ஒருவர் ஒரே காலையில் எல்லாக் கூண்டுக்கும் நோயைக் கொண்டுபோய்விடுவார்.

ஒரு எச்சரிக்கை. காசு கட்டி வந்தால் சிங்கக்குட்டியை மடியில் வைத்துப் பாலூட்டலாம் என்று தன்னார்வலர்களை அழைக்கும் இடங்கள் இருக்கின்றன. குட்டி ஏன் தாயிடம் இல்லை, வளர்ந்த பிறகு எங்கே போகிறது என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் போகாதீர்கள்.

கேள்வி: வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கணக்குப் பிரிவில் வேலை. ராஜினாமா செய்துவிட்டு விலங்கு நலப் பணிக்கு வரலாமா?

பதில்: ராஜினாமா வேண்டாம் சார், கால்குலேட்டரோடு வாருங்கள்! பல காப்பகங்கள் தடுமாறுவது பாசம் குறைந்ததால் இல்லை, கணக்கு இல்லாததால்தான். நன்கொடை எவ்வளவு, அடுத்த மாதத் தீவனத்துக்கு மிச்சமிருக்குமா, எந்த நாய்க்கு எப்போது தடுப்பூசி, மயக்க மருந்துப் பதிவேட்டில் இருப்பும் செலவும் ஒத்துப்போகிறதா, தடுப்பூசி வைத்த ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்ததா? இதையெல்லாம் விடாமல் பார்க்க ஒரு ஆள் கிடைத்தால் நான் கோயில் கட்டிக் கும்பிடுவேன். வாரத்தில் ஒரு நாள் போய்ப் பாருங்கள். முழுநேரமாக மாறுவதை அப்புறம் பேசலாம். சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அதை வீட்டில் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.

கேள்வி: காப்பகத்தில் உதவியாளராக இருக்கிறேன். பிழைக்காது என்ற விலங்குகளுக்குக் கருணைக்கொலை செய்யும் நாட்களில் தூக்கம் வருவதில்லை. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா?

பதில்: லாயக்கு என்பதற்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமில்லை. இத்துறையில் இதைப் பரிவுச் சோர்வு என்பார்கள், அனுபவசாலிகளுக்கும் வரும். நான் கேட்பது வேறு: அந்த முடிவை யார் எடுக்கிறார்கள், காரணம் உங்களுக்குச் சொல்லப்படுகிறதா, ஒவ்வொரு முறையும் உங்களையே பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்களா? காரணம் தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் ஆளை அரிக்கும். முறை வைத்து மாற்றிக்கொள்ளக் கேளுங்கள். மருத்துவரிடம் "ஏன்?" என்று கேளுங்கள், கேட்டால் கோபப்படும் மருத்துவர் என்றால் தவறு அவருடையது. விடுமுறை நாளில் காப்பகத்து வாட்ஸ்அப் குழுவைத் திறக்காதீர்கள். தூக்கமின்மை நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். தத்துக் கொடுக்கும் பிரிவுக்கு மாறுவதும் கௌரவக் குறைவில்லை.

கேள்வி: கடி வாங்காமல் இந்த வேலை பார்க்க முடியுமா?

பதில்: குறைக்கலாம், முழுதாகத் தவிர்க்க முடியாது. அதனால் சேரும்போதே ரேபிஸ் முன்தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் ஒன்று, ஏழு நாள் கழித்து ஒன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. டெட்டனஸ் ஊசியையும் விடாதீர்கள். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். முன்பே ஊசி போட்டவருக்கும் கடித்த பிறகு கூடுதல் தவணை உண்டு. 'சின்னக் கீறல்தானே' என்று மறைக்காமல் பதிவேட்டில் எழுதுங்கள், அந்த நாயைக் கண்காணிப்பில் வைப்பதா என்று முடிவெடுக்க எங்களுக்கு அது வேண்டும்.