அவன் யோசிக்கும்போது தாத்தா பேசுவதில்லை

அன்புள்ள ஐயா,

நாங்கள் காட்பாடியில் இருக்கிறோம். மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. பள்ளியில் கூப்பிட்டு, "உங்கள் பிள்ளைக்குக் கவனமே இல்லை, 10 நிமிடம் ஒரு இடத்தில் உட்காருவதில்லை" என்கிறார்கள். வீட்டுப்பாடம் எழுதச் சொன்னால் பென்சில் சீவுவான், தண்ணீர் குடிப்பான், சுவரில் பல்லியைப் பார்ப்பான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து "எழுது, எழுது" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் குடியாத்தத்தில் என் அப்பா வீட்டுக்குப் போனால், அவரோடு திண்ணையில் ஆடுபுலி ஆட்டத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கிறான். செல்போனைப் பிடுங்கி வைத்துவிட்டோம். கவனம் வளர்க்கும் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்க்கலாமா? பெயர் வேண்டாம்.

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஆடுபுலி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். 3 புலி, 15 ஆடு. ஆட்டுக்காரன் ஒவ்வொரு காயை இறக்கும்போதும் எந்தப் புலி எந்தப் பக்கம் தாண்டும் என்று பார்த்தாக வேண்டும். 8 வயதுப் பையன் ஒரு மணி நேரம் அதைச் செய்கிறான் என்றால், அவனைக் கவனமில்லாதவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் திண்ணையில் அவனுக்குக் கிடைப்பதை யோசித்துப் பாருங்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது. தப்பாக வைத்தால் உடனே ஆடு வெட்டுப்படுகிறது. எல்லாவற்றையும்விட, அவன் யோசிக்கும்போது தாத்தா பேசாமல் இருக்கிறார். இதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன். ஆடுபுலி ஆடும் பெரியவர்கள் எதிராளியை அவசரப்படுத்த மாட்டார்கள்.

வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1890-லேயே ஒன்று சொன்னார். நாமாக முயன்று செலுத்தும் கவனம் ஒரே மூச்சில் சில நொடிகளுக்கு மேல் நிற்காது. நீண்ட கவனம் என்று நாம் சொல்வது, விலகிப்போன மனதை மறுபடி மறுபடி கூட்டி வருவதுதான். பெரியவர்களுக்கே இந்த நிலை. மனதை அடக்கி நடத்தும் முன்மூளைப் பகுதி முதிர்ந்து முடிய 25 வயதுவரை ஆகும். 8 வயதுக்காரன் பல்லியைப் பார்ப்பதில் தவறே இல்லை. பல்லியிடமிருந்து அவன் தானாகத் திரும்பி வருகிறானா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

சின்ன வயதில் ஆயா வீட்டில் லுங்கித் தறிக்குத் தார், அதாவது நாடாவுக்குள் வைக்கும் சின்ன நூல் கண்டு, சுற்றிக் கொடுத்திருக்கிறேன். இழை அறுந்துகொண்டே இருக்கும். இராட்டையை நிறுத்தி, நுனியைத் தேடி, முடிச்சுப் போட்டு, மறுபடி சுற்ற வேண்டும். ஒரே தாரில் நாலைந்து தடவை அறுந்த நாளும் உண்டு. ஆயா ஒருமுறைகூட "கவனமாகச் சுற்று" என்று சொன்னதில்லை. நுனி அகப்படாமல் நான் திணறினால் மட்டும் எழுந்து வருவாள். மற்றபடி அவளுடைய தறிச் சத்தம் நிற்காது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நானாக நுனியைக் கண்டுபிடித்துவிடுவேன்.

நீங்கள் "எழுது, எழுது" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும், அவன் செய்ய வேண்டிய அந்தத் தேடலை நீங்கள் செய்து கொடுத்துவிடுகிறீர்கள். உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் நாளைக்கு நீங்கள் பக்கத்தில் இல்லையென்றால் யார் அவனைக் கூட்டி வருவது? இப்படிச் செய்து பாருங்கள். ஒரு நோட்டு, ஒரு பென்சில், மேசையில் வேறெதுவும் வேண்டாம். "இந்த நாலு கணக்கு, அப்புறம் எழுந்து ஓடலாம்" என்று எல்லையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் அதே அறையில் கீரை ஆய்ந்துகொண்டிருங்கள், டிவி வேண்டாம், உங்கள் போனும் வேண்டாம். அவன் பல்லியைப் பார்த்தால் பார்க்கட்டும், பொறுங்கள். தானாக நோட்டுக்குத் திரும்பினால், முடித்த பிறகு அதைச் சொல்லுங்கள்: "நடுவில் எங்கேயோ போய்விட்டு நீயே வந்துவிட்டாயே, பார்த்தேன்." முதல் வாரம் கணக்கு பாதிதான் முடியும். முடியாவிட்டால் போகட்டும்.

பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். மூளைப் பயிற்சி விளையாட்டுகளில் பழகினால் பிள்ளை அந்த விளையாட்டில் கெட்டிக்காரனாவான். அது பாடத்துக்கும் கைகொடுக்கும் என்பதற்கு ஆய்வுகளில் வலுவான ஆதாரம் இல்லை. அந்த மாலை நேரத்தில் அவன் தெருவில் ஓடி விளையாடட்டும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு 11 மணிவரை சீரியல் ஓடும் வீட்டில் அது கிடைக்காது. காலையில் வெறும் வயிற்றோடும் அனுப்பாதீர்கள். 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கியபோது என்னைப் போன்ற பழைய ஆசிரியர்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்று சொல்லி முடியாது. பசியில் இருக்கும் பிள்ளையின் கண் பலகையில் நிற்காது.

கண் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பேரணாம்பட்டுப் பக்கம் நான் வேலை பார்த்தபோது ஒரு பையனை அரையாண்டுத் தேர்வுவரை அதட்டிக்கொண்டே இருந்தேன். பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பையன் நோட்டையே பார்ப்பான். அவனுக்குத் தூரத்து எழுத்து தெரியவில்லை, அவ்வளவுதான். கண்ணாடி போட்ட பிறகு அவனே வந்து, "சார், வேப்பமரத்தில் இலை தனித்தனியாகத் தெரியுது" என்றான். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் வலிக்கிறது. முதலில் உங்கள் மகனின் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பிடித்த விளையாட்டில் மூழ்குகிறான் என்பதால் சிக்கலே இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவு, மிகைத்துடிப்புச் சிக்கல் உள்ள பிள்ளைகளும் பிடித்ததில் மணிக்கணக்கில் மூழ்குவார்கள். வீடு, பள்ளி இரண்டிலும், 6 மாதத்துக்கு மேலாக, படிப்பும் நட்பும் கெடும் அளவுக்கு இது இருந்தால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். உங்களுக்குத் தூரமும் இல்லை. பாகாயத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஊர் என்ன பேசும் என்று தயங்க வேண்டாம்.

அடுத்த முறை குடியாத்தம் போகும்போது தாத்தா இடத்தில் நீங்கள் உட்கார்ந்து புலியைப் பிடியுங்கள். அவன் ஆட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும்போது எவ்வளவு நேரம் உங்களால் பேசாமல் இருக்க முடிந்தது என்று எனக்கு எழுதுங்கள். யார் ஜெயித்தது என்பதையும்.

அன்புடன்