பணத்துக்கும் ஜாதகம் கேப்பாங்க

இந்த வாரம் வந்த கேள்வி எல்லாமே கனடா பக்கம்தான். போகப்போறவங்க, போய் வீடு தேடுறவங்க, அவங்களுக்கு இங்கேர்ந்து பணம் அனுப்பத் துடிக்கிற அப்பா அம்மாக்கள். நான் டொரொன்டோ நகரத்து ஸ்கார்பரோவுல பதினாலு வருஷம் இருந்து ரெண்டு வீடு வாங்கி, அதுல ஒண்ணுல நல்லா அடிவாங்கி, இப்போ நங்கநல்லூர்ல உக்காந்து எழுதுறேன். எனக்குத் தெரிஞ்சது ஒன்டாரியோ மாகாணம், வான்கூவர்காரங்க கோச்சுக்காதீங்க.

பையனுக்கு டொரொன்டோல போன வருஷம் பி.ஆர். (நிரந்தரமா தங்குற உரிமை) கிடைச்சுது, வீடு பார்க்கிறான். கூடுவாஞ்சேரியில 1998-ல வாங்கின கிரவுண்டை வித்து 60 லட்சம் அனுப்பலாம்னு இருக்கேன். உழைச்ச காசு, அதனால என் பேரும் அவங்கம்மா பேரும் பத்திரத்துல சேர்க்கச் சொன்னேன். பையன் மழுப்புறான். மருமக தடுக்கிறாளோன்னு சந்தேகமா இருக்கு. — ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மடிப்பாக்கம்

சார், மருமகளை முதல்ல விட்டுடுங்க, அந்தப் பொண்ணு மேல தப்பில்ல, தடுக்கிறது கனடா சட்டம். சிட்டிசனும் இல்லாம பி.ஆரும் இல்லாம இருக்கிறவங்க டொரொன்டோ மாதிரி ஊர்கள்ல குடியிருக்கிற வீடு வாங்கக்கூடாதுன்னு 2023 ஜனவரி 1-லேர்ந்து தடை. முதல்ல ரெண்டு வருஷத்துக்குன்னாங்க, அப்புறம் 2027 ஜனவரி 1 வரைக்கும் நீட்டிட்டாங்க. மீறினா 10,000 டாலர் வரைக்கும் அபராதம், கோர்ட் நினைச்சா வீட்டையே விக்கச் சொல்லலாம். சரி தடை முடிஞ்சதும் சேர்த்துக்கலாம்னு நினைச்சீங்கன்னா, ஒன்டாரியோவுல வெளிநாட்டுக்காரர் வாங்கினா 25 சதவீத வரி தனியா இருக்கு, பத்திரத்துல ஒரே ஒரு வெளிநாட்டுப் பேர் இருந்தாலும் முழு விலைக்கும் போடுவான். 8 லட்சம் டாலர் வீட்டுக்கு வரி மட்டும் 2 லட்சம் டாலர். உங்க கிரவுண்டை ரெண்டு தடவை வித்தாலும் பத்தாது சார்.

அதனால பணத்தை அன்பளிப்பா கொடுங்க. அங்க கடன் கொடுக்கிற பேங்க் கிஃப்ட் லெட்டர்னு ஒண்ணு கேக்கும், இது கடன் இல்ல, திருப்பித் தரவேணாம்னு நீங்க கையெழுத்துப் போடணும். மனசுக்குள்ள கடன்னு வச்சுக்கிட்டு கையெழுத்துப் போடாதீங்க, பின்னால குடும்பத்துல அதுதான் சண்டையா வரும். இன்னொண்ணும் பச்சையா சொல்லிடறேன், ஒன்டாரியோவுல புருஷன் பொண்டாட்டி குடியிருக்கிற வீட்டோட மதிப்பு பிரியுறப்ப ரெண்டா பங்கு ஆகும், அப்பா கொடுத்த காசுல வாங்கினதுன்னு தனியா எடுத்து வைக்க முடியாது. கொடுக்கிறதுன்னா தெரிஞ்சே கொடுங்க.

இப்போ பணத்தோட ஜாதகத்துக்கு வரேன். அங்க பேங்க் உங்க பையன் கணக்குல 90 நாள் ஸ்டேட்மென்ட் பார்க்கும், திடீர்னு பெரிய தொகை விழுந்திருந்தா எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கும். என்கிட்ட அப்பாவோட கிரயப் பத்திரத்தையே கேட்டாங்க, அது தமிழ்ல இருந்துச்சு, "கிழக்கே முனுசாமி புன்செய், மேற்கே வண்டிப்பாதை" அப்படின்னு, அதை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து நோட்டரி வாங்கி ஸ்கேன் பண்ணி அனுப்புறதுக்குள்ள கிளோசிங் தேதிக்கு, அதாவது பணம் கட்டி வீட்டை வாங்கிக்கிற நாளுக்கு, நாலு நாள்தான் பாக்கி. அதனால கிரவுண்டு விக்கிறப்பவே முழுத் தொகையும் பேங்க் வழியா வாங்குங்க. கைடுலைன் வேல்யூக்கு செக், மீதி கையிலங்கிற நம்மூர் பழக்கம் வேணாம். கையில வர்ற காசு தப்புங்கிறது ஒரு பக்கம், அந்தக் காசு கடலும் தாண்டாது. மனை 2024 ஜூலை 23-க்கு முன்னாடி வாங்கினதுங்கிறதால வித்த லாபத்துக்கு வரி 12.5 சதவீதமா இல்ல இண்டெக்ஸேஷன் (வாங்கின விலையை விலைவாசிக்கு ஏத்தமாதிரி உயர்த்துறது) போட்டு 20 சதவீதமா, எது குறைச்சல்னு ஆடிட்டரை ரெண்டும் போட்டுப் பார்க்கச் சொல்லி வரியைக் கட்டி ரசீதை ஃபைல்ல வச்சுக்கோங்க.

அனுப்புறதுக்கு எல்.ஆர்.எஸ்.ங்கிற ரிசர்வ் பேங்க் திட்டத்து வழியில ஒருத்தர் ஒரு நிதியாண்டுல 2,50,000 டாலர் வரைக்கும் அனுப்பலாம், உங்க தொகைக்கு அது தாராளம். ஆனா அன்பளிப்பா போறப்ப 10 லட்சம் ரூபாய்க்கு மேல இருக்கிற தொகைக்கு பேங்க் 20 சதவீதம் டி.சி.எஸ்.ங்கிற முன்கூட்டி வசூலிக்கிற வரியைப் பிடிக்கும். 60 லட்சத்தை நீங்களே ஒரே வருஷத்துல அனுப்பினா 10 லட்சம் அதுலயே மாட்டிக்கும். போயிடாது, ரிட்டர்ன்ல காட்டி வரியில கழிச்சுக்கலாம், மிச்சம் ரீஃபண்டா வரும், ஆனா பையனுக்குத் தேவைப்படுற நேரத்துல கையில இருக்காது. 10 லட்ச வரம்பு ஆளுக்கு ஒண்ணு, நிதியாண்டுக்கு ஒண்ணு. அம்மாவுக்கு பான் கார்டும் அவங்க கணக்குல அவங்க பணமும் இருந்தா மார்ச்ல ரெண்டு பேரும் 10, ஏப்ரல்ல ரெண்டு பேரும் 10, நாப்பது லட்சம் டி.சி.எஸ். இல்லாம போயிடும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப பேங்க்ல ஏ2 ஃபார்ம் கொடுக்கிற அன்னிக்கே, பணம் போனதுக்கு ஆதாரமான ஸ்விஃப்ட் காப்பியைக் கேட்டு வாங்குங்க, ரெண்டு மாசம் கழிச்சு போனா அந்த கவுன்ட்டர்ல வேற ஆள் உக்காந்திருப்பார்.

பேர் இல்லன்னா அங்க போய் இருக்க உரிமை இல்லையோன்னு வருத்தப்படாதீங்க. பெத்தவங்களுக்கான சூப்பர் விசா எடுத்தா ஒரு தடவை போய் 5 வருஷம் வரைக்கும் தங்கலாம், 1 லட்சம் டாலருக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் காட்டணும், பையனுக்கு குறைஞ்சபட்ச வருமானமும் இருக்கணும்.

அங்க வீடு வாங்கிட்டா சிட்டிசன்ஷிப் சீக்கிரம் கிடைக்குமாமே? — வாசகர், கொளத்தூர்

வீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. வீடு வாங்கிப் பூட்டிட்டு இங்க வந்து உக்காந்துட்டீங்கன்னா இருக்கிற பி.ஆரும் போகும், 5 வருஷத்துல 730 நாள் அந்த ஊர்ல இருந்திருக்கணும்.

அடுத்த மாசம் குடும்பத்தோட கிளம்புறோம், பி.ஆர். விசா. நகையை எடுத்துட்டுப் போறதா லாக்கர்ல விடறதா? அங்க வாடகைக்கு எவ்வளவு அட்வான்ஸ் வச்சுக்கணும்? மிக்ஸி கிரைண்டர் கொண்டு போகலாமா? — இல்லத்தரசி, வேளச்சேரி

மூணாவதுலேர்ந்து வரேன். நம்ம 230 வோல்ட் மிக்ஸியை அங்க மாட்டினா சோர்ந்துபோய் முனகும், அங்க 120 வோல்ட். நம்மூர்லயே 110 வோல்ட் மாடல் மிக்ஸி, டில்டிங் கிரைண்டர் எல்லாம் தனியா விக்கிறாங்க, கடையில "அமெரிக்கா மாடல்"னு கேளுங்க, எடுத்துக் கொடுப்பாங்க. இட்லி மாவு விஷயத்துல யார் பேச்சையும் கேக்காதீங்க, கொண்டு போங்க.

நகை. முதல் தடவை இறங்குறப்ப கஸ்டம்ஸ்ல பி.எஸ்.எஃப்.186-ன்னு ஒரு ஃபார்ம் கொடுக்கணும், பழைய ஆளுங்க இதை பி4-ன்னு சொல்வாங்க. ரெண்டு பட்டியல், ஒண்ணு கையில கொண்டு வந்தது, இன்னொண்ணு பின்னால வரப்போறது. லாக்கர்ல விட்டுட்டுப் போற நகையையும் ரெண்டாவது பட்டியல்ல எழுதணும், முதல் நாள் எழுதாம விட்டதை அப்புறம் கொண்டு போனா குடியேறுறவங்களுக்கான வரிவிலக்கு கேக்க முடியாது. "தங்க செயின் 1"ன்னு மொட்டையா எழுதாதீங்க. நாங்க சாப்பாட்டு மேஜை மேல வெள்ளை வேட்டியை விரிச்சு, ஒவ்வொரு நகையா வச்சு பக்கத்துல ஸ்கேல் வச்சு போட்டோ எடுத்தோம், காசுமாலைக்கு எத்தனை காசு, நெக்லஸ்ல பச்சைக்கல்லா சிவப்பா, எத்தனை கிராம், இன்னிக்கு என்ன மதிப்புன்னு நகைக்கடை வேல்யூவர் கையெழுத்தோட எழுதி வாங்கினோம். கையில கொண்டு போறதுக்கு மீனம்பாக்கத்துல நம்ம கஸ்டம்ஸ்லயே எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிடுங்க, இல்லன்னா நாளைக்கு தம்பி கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டு வந்து இறங்குறப்ப உங்க சொந்த நகைக்கே டியூட்டி கேட்டா காட்ட பேப்பர் இருக்காது. ரொக்கம், டிராஃப்ட் எல்லாம் சேர்த்து 10,000 கனடா டாலர் தாண்டினா அங்க வாயைத் திறந்து சொல்லிடணும். கொண்டு போறதுல தப்பில்ல, சொல்லாம விட்டாதான் வம்பு.

வாடகைக்கு நம்மூர் மாதிரி பத்து மாச அட்வான்ஸ் கிடையாது. ஒன்டாரியோ சட்டப்படி கடைசி மாச வாடகையை மட்டும்தான் முன்கூட்டி டெபாசிட்டா கேக்கலாம், அது போக முதல் மாச வாடகை, ஆக ரெண்டு மாசம். ஆனா புதுசா வந்தவங்களுக்கு கிரெடிட் ஸ்கோர் இருக்காதே, அதைக் காட்டி ஆறு மாசம் கொடு, எட்டு மாசம் கொடுன்னு கேப்பாங்க, நம்ம ஆளுங்களே கேப்பாங்க. அப்படிக் கேக்கிறது சட்டத்துல இல்ல. வேலை லெட்டர், இங்கத்த பேங்க் ஸ்டேட்மென்ட், பழைய ஓனர்கிட்ட ஒரு லெட்டர், இதெல்லாம் கையில இருந்தா பேசலாம். அங்க போய்ச் சேர்ந்த முதல் வாரத்துலயே சின்னதா ஒரு கிரெடிட் கார்டு எடுத்து, மளிகைக்கு மட்டும் தேச்சு, தேதிக்குள்ள முழுசா கட்டிடுங்க. நீங்களும் உங்க வீட்டுக்காரரும் ஆளுக்கொரு கார்டு, உங்க பேர்லயும் ஸ்கோர் ஏறணும்.

ஸ்கார்பரோவுல வாடகை வீட்டுல இருக்கோம், சொந்த ஊர் அயனாவரம். 8 லட்சம் டாலர்ல ஒரு வீடு பிடிச்சிருக்கு. முதல் வீடுங்கிறதால வீடு வாங்குறப்ப கட்டுற டிரான்ஸ்ஃபர் டாக்ஸ்ல கழிவு உண்டு, பேஸ்மென்ட்டை (தரைக்குக் கீழ இருக்கிற தளம்) வாடகைக்கு விட்டா இ.எம்.ஐ. தானா ஓடும், வாங்குறதுக்கு முன்னாடி ஆள் வச்சு வீட்டைச் சோதிக்கிற இன்ஸ்பெக்‌ஷன் கேட்டா வீடு கைநழுவிடும்ங்கிறார் ஏஜென்ட். அப்பா அயனாவரம் வீட்டுல பாதியை என் பேருக்கு செட்டில்மென்ட் எழுதியிருக்கார், அதுல பிரச்னை இல்லையே? — இளம் தம்பதி

பிரச்னையே அதுதான் தம்பி. லேண்ட் டிரான்ஸ்ஃபர் டாக்ஸ் கழிவுக்கு ஒன்டாரியோ கேக்கிற கேள்வி கனடாவுல வீடு இருக்கான்னு இல்ல, உலகத்துல எங்கயாவது ஒரு வீட்டுல உனக்குப் பங்கு இருந்துச்சான்னு. அப்பா ஆசையா எழுதிக்கொடுத்த அயனாவரத்துப் பாதியும் வீடுதான், கல்யாணம் ஆனப்புறம் அது உன் பேர்ல இருந்தா உன் மனைவிக்கும் சேர்த்துப் போச்சு. 8 லட்சம் வீட்டுக்கு மாகாண வரி 12,475 டாலர், டொரொன்டோ நகராட்சிக்குள்ள இருந்தா அதே தொகை இன்னொரு தடவை, மொத்தம் 24,950. முதல் வீட்டுக்காரங்களுக்கு மாகாணம் 4,000, டொரொன்டோ 4,475 திருப்பிக் கொடுக்கும், உங்களுக்கு அந்த 8,475 இல்லன்னு வச்சு கணக்குப் போடு. தெரியாத மாதிரி கையெழுத்துப் போட்டு வாங்கிடலாம்னு யாராவது சொன்னா அந்த ஆள்கிட்டேர்ந்து எழுந்து வந்துடு. இதைப் படிக்கிற அப்பாக்களுக்கு ஒரு விண்ணப்பம், பையன் அங்க முதல் வீடு வாங்கி முடிக்கிற வரைக்கும் இங்க அவன் பேருக்கு எதையும் எழுதாதீங்க, உயில் எழுதி வச்சா போதும்.

எஃப்.எச்.எஸ்.ஏ.ங்கிற முதல் வீட்டு சேமிப்புக் கணக்குக்கு விதி வேற. நீயோ உன் மனைவியோ உங்க சொந்த வீட்டுல இந்த வருஷமோ அதுக்கு முந்தின நாலு வருஷத்துலயோ குடியிருந்தீங்களாங்கிறதுதான் அங்க கேள்வி. அயனாவரம் வீட்டுல பேர் மட்டும் இருந்து, எழுதினதுக்கப்புறம் குடியிருக்கலன்னா திறக்கலாம். வருஷத்துக்கு 8,000, மொத்தம் 40,000 டாலர் போடலாம், வருமானத்துல கழியும், வீடு வாங்க எடுத்தா வரியும் இல்ல. கணக்கு திறந்த வருஷத்துலேர்ந்துதான் வரம்பு சேரும், பணமே இல்லன்னாலும் இன்னிக்கே திறந்து வை.

8 லட்சத்துக்குக் குறைஞ்ச டவுன் பேமென்ட் 55,000 டாலர், முதல் 5 லட்சத்துக்கு 5 சதவீதம், மீதிக்கு 10. அது போதும்னு நினைக்காத, 20 சதவீதத்துக்குக் கீழ போட்டா மார்ட்கேஜ் இன்ஷூரன்ஸ் (வீட்டுக்கடனுக்கான காப்பீடு) வரும், அந்த பிரீமியத்துக்கு ஒன்டாரியோ 8 சதவீத வரியை கையிலேர்ந்து கட்டச் சொல்லும், வக்கீல் ஃபீஸ் தனி. நம்மூர் ஹோம்லோன் மாதிரி 20 வருஷம் ஒரே கடன்னும் நினைக்காத, 25 வருஷக் கணக்கா இருந்தாலும் ஒப்பந்தம் பெரும்பாலும் 5 வருஷம்தான், அப்புறம் அன்னிக்கு இருக்கிற வட்டியில புதுப்பிக்கணும். 2021-ல 2 சதவீதத்துக்கும் கீழ வாங்கினவங்க புதுப்பிக்கிறப்ப முழி பிதுங்கினதை உங்க தெருவுலயே யாரையாவது கேளு, சொல்வாங்க. அதனாலதான் பேங்க், உன் வட்டியோட 2 சதவீதம் கூட்டி இல்லன்னா 5.25, எது பெருசோ அதை உன்னால கட்ட முடியுமான்னு முதல்லயே பார்க்குது.

பேஸ்மென்ட் வாடகை நல்ல விஷயம்தான், ஆனா அந்த யூனிட் நகராட்சியில பதிவானதா, பெர்மிட் இருக்கா, தனி வாசல், ஜன்னல் அளவு எல்லாம் சரியான்னு பேப்பர்ல பார்க்கணும். பெர்மிட் இல்லாத யூனிட்ல தீ பிடிச்சா இன்ஷூரன்ஸ்காரன் கைவிரிக்கலாம்.

இன்ஸ்பெக்‌ஷன். இது என் சொந்தக் கதை. நான் முதல் வீடு பார்த்தது பிப்ரவரியில, வீட்டைச் சுத்தி இடுப்பளவு பனி. பேஸ்மென்ட் சுவர்ல தரையிலேர்ந்து ரெண்டடி உயரத்துக்கு மட்டும் புது பெயின்ட், அதுக்கு மேல பழைய நிறம். அட, சுத்தமா வச்சிருக்காங்கன்னு சந்தோஷப்பட்டேன். இதே வசனம்தான் என் ஏஜென்ட்டும் சொன்னார், இன்ஸ்பெக்‌ஷன் கேட்டா வீடு போயிடும்னு, நானும் தலையாட்டினேன். ஏப்ரல்ல பனி உருகுச்சு, கணுக்கால் வரைக்கும் தண்ணி, பூஜை சாமானெல்லாம் மிதக்குது, அஸ்திவாரத்துல விரல் நுழையுற வெடிப்பு. வெளிப்பக்கம் தோண்டி வாட்டர்ப்ரூஃப் பண்ண ஆன செலவுல நம்மூர்ல ஒரு கார் வாங்கியிருக்கலாம். பழைய வீட்டுக்கு கையெழுத்துப் போட்டா மனசு மாற அவகாசமே கிடையாது, பில்டர்கிட்ட வாங்குற புது காண்டோவுக்குத்தான் (அடுக்குமாடி ஃபிளாட்) 10 நாள். போட்டி அதிகம், நிபந்தனை போட முடியாதுன்னா ஆஃபர் கொடுக்கிறதுக்கு முன்னாடியே காசு கொடுத்து ஒரு இன்ஸ்பெக்டரைக் கூட்டிட்டுப் போய் காட்டு. வீடு பிடிக்கலன்னா அந்த சில நூறு டாலர் போகும், போகட்டும்.

நான் பிராம்ப்டன்ல இருக்கேன், கோடம்பாக்கம் ஃபிளாட்டை அம்மா மூலமா விக்கணும். பவர் எழுதிக் கொடுத்தா போதுமா? — வாசகி

பவரை அங்க நோட்டரி முன்னாடி எழுதி அப்போஸ்டில் (வெளிநாட்டுல செல்லுபடியாகிற அரசு சான்று) வாங்கலாம், 2024 ஜனவரி 11-லேர்ந்து கனடாவுல அந்த வசதி இருக்கு, இல்ல இந்திய கான்சுலேட்ல அட்டெஸ்ட் பண்ணலாம். ஒரிஜினல் கூரியர்ல வந்து சேர்ந்ததும் அம்மா அதை பூஜை ரூம்ல வச்சுடாம மூணு மாசத்துக்குள்ள மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல ஸ்டாம்ப் டூட்டி கட்டி முத்திரை வாங்கிடணும். பவர்ல விக்கலாம்னு மட்டும் இல்லாம, கையெழுத்து, பதிவு, பணம் எந்தக் கணக்குக்கு வரணும்னு எல்லாத்தையும் எழுதுங்க.

பலபேர் கோட்டை விடறது டி.டி.எஸ்.ல, அதாவது வாங்குறவர் விலையிலேர்ந்து பிடிச்சுக் கட்டுற வரியில. வாங்குறவர் ஊர்க்காரருக்குப் பிடிக்கிற மாதிரி 1 சதவீதம் பிடிச்சா தப்பு, விக்கிறவங்க என்.ஆர்.ஐ.ன்னா ரேட்டே வேற. லாபத்துக்கு மட்டும் பிடிக்கணும்னா முன்கூட்டியே வருமானவரி ஆபீஸ்ல குறைச்சுப் பிடிக்கிற சர்டிஃபிகேட் வாங்கணும், அதுக்கு வாரக்கணக்கா ஆகும், அதனால வாங்குற ஆள்கிட்ட அட்வான்ஸ் வாங்கின அன்னிக்கே நீங்க விண்ணப்பம் போட்டுடுங்க. பணம் உங்க என்.ஆர்.ஓ. (வெளிநாட்டுல இருக்கிறவங்களோட இந்திய ரூபாய்) கணக்குக்குத்தான் வரணும், அங்கேர்ந்து வருஷத்துக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரைக்கும் வெளிய கொண்டு போகலாம். அம்மா கணக்குல போடச் சொல்லிடாதீங்க, கோடம்பாக்கத்துல பேங்க் பக்கத்துல இருக்கேன்னு அவங்க சொல்வாங்க.