ஊராட்சியில் நிதி இல்லாதபோது மக்கள் பங்களித்துத் தெருச்சாலை போட முடியுமா?

முடியும். அதற்கெனவே தமிழ்நாட்டில் ‘நமக்கு நாமே’ திட்டம் உள்ளது. 1997-98இல் தொடங்கி, 2011க்குப் பின் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021-22இல் பழைய பெயருக்கே திரும்பிய இத்திட்டத்தில், மதிப்பீட்டுத் தொகையில் பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர, எஞ்சியதை அரசு ஏற்கிறது. எனவே 6 லட்சம் ரூபாய் மதிப்பிலான பேவர் பிளாக் சாலைக்கு ஊர் 2 லட்சம் திரட்ட வேண்டும். கூலித் தொழிலாளர்கள் மட்டும் வாழும் தெருவுக்கு இது பெருஞ்சுமை என்பதையும், கையில் காசுள்ள தெருவே முந்திக்கொள்ளும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

பணம் திரட்டுவதைவிடக் கடினமானது பராமரிப்பு. சாலையைப் பெரும்பாலும் கெடுப்பது வண்டி அல்ல, தேங்கும் நீர்தான். ஓரத்து மண் சாலை மட்டத்துக்கு மேலே ஏறிவிட்டால், மழைநீர் வடிய வழியின்றி நடுவிலேயே நின்று, விரிசல்கள் வழியே அடித்தளத்துக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு ஒரு டிராக்டர் போனாலே குழி விழுகிறது. ஐப்பசி மழைக்கு முன் ஓரத்து மண்ணை வெட்டி, வடிகாலைத் தூர்வாரினால் சாலையின் ஆயுள் கூடும். இதற்கு மண்வெட்டியும் ஆளும் போதும், டெண்டர் தேவையில்லை.

பெரிய வேலைகளுக்கான கோரிக்கையைக் கிராம சபையில் தீர்மானமாகவே பதிவு செய்யுங்கள். வாய்மொழி வேண்டுகோளுக்குக் கோப்பில் இடமில்லை. அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டால், சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் அது வழக்கமாகக் கூடுகிறது.